கூட்டல் பிரியாது

அவளுக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களிடம் சொன்னது கொஞ்சம், கேட்காதவர்களிடம் சொன்னதுதான் அதிகம். ஒருநாள் காலை மாடிப்படியில் ஓரகத்தியின் புதுச் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவள், "எனக்கு ஒண்ணும் பொறாமை இல்லைங்க" என்றாள் கணவனிடம். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எதற்காக இந்த அறிவிப்பு என்று அவனுக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு கைடு போடும் ஒரு பதிப்பகத்தில் அவளுக்கு வேலை. கைடை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் விடையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து கேள்விக்குப் பின்பக்கமாக நடந்து வருவார்கள். அந்தக் கடைசிப் பக்கங்கள் அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக விடை சரிபார்க்கிறாள். கையில் சிவப்புப் பேனா. எதிரே ஆசிரியர்கள் எழுதி அனுப்பிய கணக்குகள். மேசைமேல் ஒரு கண்ணாடித் தகடு, அதற்கடியில் அவளே எழுதிச் செருகிய சீட்டுகள்.

அவள் பேர் போனது காரணிப்படுத்தலில். காரணிப்படுத்துவது பெரிய மந்திரமெல்லாம் இல்லை. பெருக்கி ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடப்பதை அவிழ்த்து, எதை எதால் பெருக்கி இது வந்தது என்று சொல்வது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், அவிழ்த்த மூட்டைக்குள் இன்னொரு மூட்டை இருக்கும். x⁴ − 16 என்று ஒரு கணக்கு. அதை (x² + 4)(x² − 4) என்று இரண்டாக்கிவிட்டு ஆசிரியர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த x² − 4 இருக்கிறதே, அது இன்னும் (x + 2)(x − 2) என்று பிரியும். கேள்வியில் "முழுமையாகக் காரணிப்படுத்துக" என்று கொட்டை எழுத்தில் போட்டவரே பாதியில் எழுந்து போயிருப்பார். அந்த இடத்தில் அவள் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள்: "முழுசா?"

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த ஆசிரியர்கள் பலர் போனில் கோபப்பட்டிருக்கிறார்கள். பிறகு கணக்கைப் பார்த்துவிட்டுப் போனை மெதுவாக வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் அவளுக்கு முழுசாக்கா என்று பெயர் விழுந்தது அப்படித்தான். வீட்டிலும் அதே கதை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். "இன்னிக்கு ஒரு லிஃப்ட்டுக்குள்ள புதுசா கல்யாணம் ஆனவங்க மாட்டிக்கிட்டாங்க" என்று ஆரம்பித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். "முழுசா சொல்லிட்டுப் படுங்க" என்று போர்வையை இழுப்பாள்.

எந்த விடையானாலும் அவள் பெருக்கிப் பார்க்காமல் விட்டதில்லை. பிரித்ததைத் திரும்பப் பெருக்கினால் பழைய மூட்டை அப்படியே வரவேண்டும். வராவிட்டால் தப்பு. எவ்வளவு சின்னக் கணக்கானாலும் ஓரத்தில் பென்சிலால் பெருக்கிப் பார்த்து, சரியென்றால் அழித்துவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் தேய்த்துத் தீர்த்த ரப்பரையெல்லாம் ஒன்றாக உருட்டினால் ஒரு லாரிக்கு டயர் ஆகும்.

கண்ணாடிக்கு அடியில் இருந்த சீட்டுகளில் ஒன்று அவளுக்கு ரொம்பப் பிடித்தமானது. அவளே அமைத்த வாசகம். "கழித்தால் பிரியும், கூட்டினால் பிரியாது." இரண்டு வர்க்கங்களுக்கு நடுவில் கழித்தல் குறி இருந்தால் பிரிக்கலாம், கூட்டல் குறி இருந்தால் கை வைக்காதே என்று பொருள். x² − 4 பிரியும். x² + 4 பிரியாது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறாள்.

இந்த ராஜ்ஜியத்துக்குள் ஓரகத்தியைக் கூட்டிவந்தது யார் என்று கேட்டால், அவளேதான். அதை நினைத்து நினைத்துத் தன்னைத்தானே கடிந்துகொள்வதற்கென்று பஸ்ஸில் தினமும் இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தாள்.

ஓரகத்தி என்பவள் கொழுந்தன் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். கீழ் வீட்டில் பெரியவள் குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம். இருவருக்கும் பொதுக் காரணி மாமியார். கணக்கு தெரிந்தவர்கள் பொதுக் காரணியை முதலில் வெளியே எடுத்து அடைப்புக்குறிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். இந்த வீட்டிலும் அவர் வாசல் பக்கத்து அறையில் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார், உள்ளே போகிற வருகிற ஒவ்வொருவரையும் பெருக்கியபடி.

நாலு வருஷத்துக்கு முன்னால் பதிப்பகத்தில் ஆள் தேவை என்றார்கள். சின்னவள் வீட்டில் சும்மா இருந்தாள், படித்தவள் வேறு. பெரியவள் பெருந்தன்மையாக ஓனரிடம் போய்ச் சொன்னாள்: "எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்கு சார். நல்ல குணம். கணக்கு கொஞ்சம் சுமாரு, நான் பக்கத்துல வச்சுப் பாத்துக்கறேன்."

அந்த "சுமாரு" மூன்றே வாரத்தில் செத்துப்போனது.

6x² + x − 15 என்று ஒரு கணக்கு வந்தது. பெரியவள் வழக்கப்படி ஓரத்தில் பட்டியல் போட ஆரம்பித்தாள். ஆறையும் பதினைந்தையும் பெருக்கினால் தொண்ணூறு. தொண்ணூறை எப்படி எப்படி இரண்டாக்கலாம்: ஒன்றும் தொண்ணூறும், இரண்டும் நாற்பத்தைந்தும், மூன்றும் முப்பதும். பட்டியலின் நடுவில் நிற்கும்போது பக்கத்து மேசையிலிருந்து சத்தம் வந்தது.

"பத்தும் ஒம்பதும்க்கா."

"என்னது?"

"பத்து எக்ஸ் கூட்டி, ஒம்பது எக்ஸ் கழிச்சா நடுவுல ஒரு எக்ஸ் வந்துரும். ரெண்டு எக்ஸ் மைனஸ் மூணு, மூணு எக்ஸ் பிளஸ் அஞ்சு."

"போட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா. பாத்தாலே தெரியுதே."

பாத்தாலே தெரியுதாம். பெரியவள் பட்டியலை முழுக்க முடித்தாள். பெருக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் பிரச்சினை.

அன்றிலிருந்து பெரியவள் வாழ்க்கையில் எல்லாமே இரண்டு விடையாகத் தெரிய ஆரம்பித்தது: தனக்கு வந்தது, சின்னவளுக்கு வந்தது. சின்னவள் கையில் மை ஒட்டாது. சின்னவள் மேசைக்கு மேலே இருந்த ஃபேன் சத்தம் போடாது. கம்போசிங் பார்க்கும் பெரியவர், கிட்டப்பார்வைக்கு ஒன்று தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர், சின்னவள் வந்தால் மட்டும் இரண்டையும் கழற்றிவிட்டுச் சிரிப்பார். இதில் கொடுமை என்னவென்றால், சின்னவளைத் திட்ட ஒரு காரணம் கிடைக்காது. யாராவது பாராட்டினால் உடனே, "எனக்கென்ன தெரியும், எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது" என்பாள். கேட்டவர்கள், "பாத்தியா, என்ன அடக்கம்" என்று அதையும் அவள் கணக்கிலேயே எழுதிவிட்டுப் போவார்கள்.

"அடக்கத்தக்கூட விட்டு வைக்கலீங்க அவ" என்றாள் பெரியவள் கணவனிடம். "அதையாவது எனக்கு விட்டிருக்கலாம்."

"உனக்கு எதுக்கு அது? பழக்கம் இல்லையே" என்றான் அவன். அன்று சாப்பாடு கொஞ்சம் ஆறித்தான் வந்தது.

ஆபீஸில் எல்லாப் பேனாவையும்விடப் பெரிய பேனா ஒன்று இருந்தது. பச்சைப் பேனா. அதை வைத்திருப்பவர் கடைசிச் சரிபார்ப்பாளர். ஒரு பக்கத்தில் சிவப்பு எவ்வளவு இருந்தாலும், நீலம் எவ்வளவு இருந்தாலும், கீழே பச்சையில் கையெழுத்து விழுந்தால்தான் அது அச்சுக்குப் போகும். முப்பத்தொரு வருஷமாக அதை வைத்திருந்தவரை எல்லோரும் பச்சை சார் என்றே கூப்பிட்டார்கள். அவர் வியாழக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும் பெரியவளுக்கு நெஞ்சுக்குள் பச்சை விளக்கு எரிந்தது. பத்தொன்பது வருஷம். வேறு யாருக்குக் கிடைக்கும்?

ஓனர் கூப்பிட்டார். பெரியவள் புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள். அறைக்குள் ஏற்கெனவே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஓனருக்குக் கணக்கு கைடு விற்கத் தெரியும், கணக்கு தெரியாது. அதனால் நியாயமான ஆள். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா" என்றார். "புது எடிஷன்ல காரணிப்படுத்தல் அத்தியாயத்துல இருநூறு கணக்கு இருக்கு. முதல் நூறு அக்கா பாருங்க, அப்புறம் தங்கச்சி அது மேல பாக்கட்டும். அடுத்த நூறு தங்கச்சி முதல்ல, அக்கா ரெண்டாவது. யார் விட்ட தப்ப மத்தவங்க பிடிக்கறாங்களோ, பிடிச்சவங்களுக்குப் பச்சைப் பேனா."

"நாங்க ஓரகத்திங்க சார், அக்கா தங்கச்சி இல்ல" என்று திருத்தினாள் பெரியவள். எந்த இடத்திலும் விடை சரியாக இருக்கவேண்டும் அவளுக்கு.

முதல் நூறு கணக்கைப் பெரியவள் முடித்துக் கொடுத்தாள். சின்னவள் பார்த்துத் திருப்பினாள். ஒரு திருத்தம்கூட இல்லை. கடைசியில் நீல மையில் சின்னதாக, "அக்கா பார்த்தது. எல்லாம் சரி" என்று எழுதியிருந்தாள். பெரியவள் அதை மூன்று தடவை வாசித்தாள். எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறாளே, அப்படியென்றால் ஏதாவது கிடைக்குமா என்று எல்லாவற்றையும் துருவியிருக்கிறாள். என்ன மனசு.

அடுத்த நூறு கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை பெரியவள் டிபன் பாக்ஸைக்கூட வைக்காமல் உட்கார்ந்தாள். நூற்று ஒன்று சரி. நூற்று இரண்டு சரி. நூற்று முப்பதில் பொதுக் காரணி ஐந்தை விட்டிருப்பாளோ என்று பார்த்தாள். எடுத்து முன்னால் வைத்திருந்தாள். நூற்று ஐம்பத்து நான்கில் ஒரு கழித்தல் குறி மங்கலாக இருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். கழித்தல் குறியேதான். நூற்று எழுபதையும் தாண்டியாயிற்று. ஒரு மனுஷி எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பு பண்ணக்கூடாதா? அவ்வளவு கஞ்சத்தனமா?

நூற்று எண்பத்தேழு.

கேள்வி: x⁴ + 4. ஆசிரியர் எழுதியிருந்த விடை: "காரணிப்படுத்த இயலாது." அதைச் சின்னவள் நீல மையில் அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தாள்: (x² + 2x + 2)(x² − 2x + 2).

பெரியவள் பார்த்தாள். x⁴ என்பது x² உடைய வர்க்கம். நான்கு என்பது இரண்டின் வர்க்கம். நடுவில் கொழுகொழுவென்று ஒரு கூட்டல் குறி. கண்ணாடிக்கு அடியில் சீட்டைப் பார்த்தாள். கூட்டினால் பிரியாது. திரும்பவும் நீல மையைப் பார்த்தாள். பெரியவள் முகம் மெல்ல மலர்ந்தது. கம்போசிங்காரர் அன்றுதான் முதல்முறையாக அவளைப் பார்க்க ஒரு கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, நல்ல சேதியா?"

"கணக்குதான் அண்ணே" என்றாள். "பாத்தாலே தெரியுது."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பென்சிலை எடுக்கவில்லை. ஓரத்தில் பெருக்கவில்லை. பெருக்க என்ன இருக்கிறது? நேராகச் சிவப்பு. சின்னவள் எழுதியதன்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள்: "கூட்டல் பிரியாது. ஆசைப்பட்டால் பிரிந்துவிடுமா?"

அந்த இரண்டாவது வாக்கியம் கணக்குக்குத் தேவையில்லாதது. அவளுக்குத் தேவைப்பட்டது.

ஓனர் அறையில் தாளை வைத்தாள். சின்னவளையும் கூப்பிட்டார்கள். சின்னவள் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், அந்த வாக்கியத்தை வாசித்தாள், நெற்றி சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

"அப்ப முடிஞ்சுதும்மா" என்றார் ஓனர் பெரியவளிடம். "பேனா உங்களுக்கு."

அந்தச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் பெரியவள் தரையில் நடக்கவில்லை. வீட்டில் மோட்டார் சுவிட்சைப் போடும் உரிமைகூட தனக்கே என்பதுபோல் போட்டாள். மாடிப்படியில் இருந்த புதுச் செருப்பு அவள் கண்ணுக்குச் சாதாரணச் செருப்பாகத் தெரிந்தது. புதன் சாயங்காலம் வாசல் அறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"ஏம்மா, சின்னவ ரெண்டு நாளா டிபன் பாக்ஸ அப்படியே திருப்பிக் கொண்டாறா. ஆபீஸ்ல எதுவும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலயே அத்தை" என்றாள் பெரியவள். தோற்றவளுக்குப் பசிக்காது என்று மனசுக்குள் எழுதிப் பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டாள். அன்று அவள் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பச்சை சார் பேனாவைத் துணியில் துடைத்து அவள் மேசையில் வைத்தார். "பெருக்கிப் பாக்காம இதத் தொறக்காதீங்கம்மா" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் எல்லோரிடமும் அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அவர் போனார். கம்போசிங்காரர் திருத்திய பக்கங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். மேலே இருந்தது காரணிப்படுத்தல் விடைப் பக்கம்.

பேனாவைத் திறந்தாள். மை பளபளத்தது. கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம் இருக்கிறதே, அது மனசைக் கேட்டு வேலை செய்வதில்லை. இடது கை தானாகப் பென்சிலை எடுத்து வலது கையில் கொடுத்தது. பேனா மேசையில் படுத்தது. தான் அடித்த அந்த நூற்று எண்பத்தேழைச் சும்மா, தப்பு எவ்வளவு தப்பு என்று ரசித்துப் பார்ப்பதற்காக, ஓரத்தில் பெருக்க ஆரம்பித்தாள்.

x² ஐ x² ஆல் பெருக்கினால் x⁴. சரி. அடுத்து மைனஸ் 2x³. அதற்கடுத்து பிளஸ் 2x². அடுத்த வரிசையில் பிளஸ் 2x³. முதலில் வந்த மைனஸ் 2x³ க்கும் இதற்கும் ஒத்துப்போய் இரண்டும் காணாமல் போயின. மைனஸ் 4x² வந்தது. பிளஸ் 4x வந்தது. மூன்றாவது வரிசையில் இன்னொரு 2x², பிறகு மைனஸ் 4x, கடைசியில் 4. இரண்டு 2x² சேர்ந்து அந்த 4x² ஐச் சாப்பிட்டன. 4x கள் ஒன்றையொன்று சாப்பிட்டன. நடுவில் இருந்த கூட்டம் முழுவதும் கலைந்துபோய், தாளில் மிச்சம் நின்றது x⁴ + 4.

ரப்பரால் அழித்துவிட்டு இன்னொரு முறை பெருக்கினாள். அதேதான் வந்தது. கூட்டல் பிரிந்திருந்தது. ஆசைப்படாமலே பிரிந்திருந்தது.

பெரியவளுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. தப்பு என்பதைவிட அந்த "சரிக்கா" தான் முள்ளாகக் குத்தியது. சின்னவளுக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறாள். பேனாவைப் பிச்சை போட்டிருக்கிறாள். நாளைக்கு மாமியார்வரை போகும், "அக்காவுக்கு ஆசையா இருந்துச்சு, விட்டுக் குடுத்துட்டேன்" என்று. அதிலும் நல்ல பேர் அவளுக்கே.

எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள்.

"நூத்தி எம்பத்தேழு. தெரிஞ்சுதான் சும்மா இருந்தியா?"

சின்னவள் திடுக்கிட்டு நோட்டை மூடப் பார்த்தாள். பெரியவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே பக்கம் முழுக்க ஒரே கணக்கு. பெருக்கி, பெருக்கி, திரும்பப் பெருக்கி. எண்ணிப் பார்த்தால் பதினோரு தடவை இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் x⁴ + 4, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"என்னடி இது?"

"தப்பு எங்கன்னு தேடிட்டு இருக்கேன்க்கா. மூணு நாளா. எப்படிப் போட்டாலும் சரியாவே வருது." சின்னவள் கடைசி வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினாள். "நீங்க பெருக்கிப் பாக்காம அடிக்க மாட்டீங்களே. அப்ப நான்தான் எங்கயோ ஒரு குறிய விட்டிருக்கேன்."

பெரியவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசை ஃபேன் சத்தமே போடவில்லை.

"இது எப்படி வந்துச்சு உனக்கு?" என்றாள்.

"நாலு எக்ஸ் ஸ்கொயரக் கூட்டிட்டு, அதையே கழிச்சேன்க்கா. கூட்டினதும் முழு வர்க்கமா ஆயிடுச்சு, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ரெண்டோட வர்க்கம். அதுல இருந்து ரெண்டு எக்ஸோட வர்க்கத்தக் கழிக்கறோம். அப்ப அது கழித்தல்தானே? நீங்க எழுதி வச்சதுதான், கழித்தால் பிரியும். பக்கத்து வீட்டு ஏணிய வாங்கி ஏறிட்டுத் திருப்பிக் குடுக்கற மாதிரி."

தன்னுடைய சீட்டில் பாதியை வைத்தே அதன் மறுபாதியைத் தகர்த்திருக்கிறாள். இதற்குமேல் ஒரு மனுஷி எப்படிப் பொறாமைப்படாமல் இருக்கமுடியும் என்று பெரியவளுக்குப் புரியவில்லை.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"சாப்பிடு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

ஓனர் அறைக்குப் போகும் வழி பதினைந்து எட்டு. பெரியவள் அதை நாற்பதாக நடந்தாள். போய் நின்று, "நூத்தி எம்பத்தேழுல ஒரு சின்னத் திருத்தம் சார்" என்றாள்.

"பண்ணிக்கங்கம்மா. அதுக்குத்தான பேனா?" என்றார் ஓனர்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். பச்சையில் திருத்தி, கையெழுத்துப் போட்டால் புத்தகம் சரியாக வரும், பேனாவும் கையில் இருக்கும். இரண்டாகப் பிரித்தாயிற்று, டீ குடிக்கப் போகலாம். கதவுவரை போய்விட்டாள். கதவில் கை வைத்தபோது அவளுக்குள்ளேயே யாரோ சிவப்பு மையில் அந்த வார்த்தையை எழுதினார்கள், கேள்விக்குறியோடு.

திரும்பி வந்தாள். "அந்தத் தப்ப நான்தான் சார் பண்ணினேன்."

"யாருக்குத்தான் வராது" என்றார் ஓனர், தாராளமாக.

"அவ எழுதினதுதான் சரி. நான் அத அடிச்சுட்டேன்."

ஓனர் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். "அப்ப திங்கக்கிழமை நீங்க பிடிச்ச தப்பு..."

"தப்பே இல்ல. நான் பெருக்கிப் பாக்கல."

"நீங்களா? நீங்க பெருக்கிப் பாக்காம விட மாட்டீங்களேம்மா. ஏன் பாக்கல?"

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு எத்தனையோ விடை சொல்லலாம். தலைவலி என்று சொல்லலாம். அவசரம் என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் இன்னும் பிரியக்கூடிய விடை.

"பொறாமை சார்" என்றாள்.

ஓனர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பின்னால் இன்னும் ஏதாவது வருமோ என்று. வரவில்லை. அதற்குமேல் பிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

பச்சைப் பேனா அன்று மத்தியானம் சின்னவள் மேசைக்குப் போனது. சாயங்காலம் பெரியவள் கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா கதவ உடைக்கப் பாப்பாங்க எல்லாரும். நாங்க ரெண்டடி மேல தூக்கிட்டு அப்புறம் கீழ இறக்குவோம், தானா திறந்துக்கும். உன் ஓரகத்தி பண்ணினது அதுதான்" என்றான்.

"உங்களுக்கும் புரிஞ்சிடுச்சா?" என்று அவள் போர்வையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். உலகத்தில் எல்லோருக்கும் பார்த்தாலே தெரிகிறது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. பொறாமை போய்விட்டதா என்று கேட்பவர்கள் முழுசாக்காவைத் தெரியாதவர்கள். சின்னவள் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தபடியே வைக்கிறாள், மை காய்கிறது என்று பெரியவள் தினமும் ஒருவரிடமாவது சொல்கிறாள். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணாடிக்கு அடியில் அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. "கூட்டினால் பிரியாது" என்பதற்கு முன்னால் பென்சிலில் "அநேகமாக" என்று சேர்த்திருக்கிறாள். மையில் எழுத மனசு வரவில்லை.

போன வாரம் அடுத்த எடிஷன் பக்கங்கள் வந்தன, பச்சைக் கையெழுத்தோடு, அச்சுக்குப் போகத் தயாராக. கம்போசிங்காரர் போகிற வழியில் அவள் மேசையில் ஒரு நிமிஷம் வைத்தார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பார்த்தாள். 3x⁴ − 48 என்று ஒரு கணக்கு. விடை: (x² + 4)(x + 2)(x − 2). எல்லாம் பிரிந்து வரிசையாக நின்றன. முன்னால் நிற்கவேண்டிய மூன்றை மட்டும் காணோம்.

சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு கீழே வைத்தாள். பென்சிலை எடுத்தாள். பெருக்கினாள். x⁴ − 16 தான் வந்தது. ரப்பரால் அழித்துவிட்டு இன்னொரு தடவை பெருக்கினாள். x⁴ − 16. மூன்று இல்லவே இல்லை.

அதற்கப்புறம்தான் சிவப்பு. பச்சைக் கையெழுத்துக்குப் பக்கத்தில், அடிக்காமல், சின்னதாக, ஒரே ஒரு வார்த்தை எழுதித் தாளைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தினாள்.

சின்னவள் பார்த்தாள். உடனே பென்சிலைத் தேடினாள்.

"ஐயோ, மூணு" என்றாள். "வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் போலக்கா."

"வாசல் ரூம்ல உக்காந்திருக்கும், பாரு" என்றாள் பெரியவள்.

அன்று டிபன் பாக்ஸை அவள் சின்னவள் மேசையில் வைத்துச் சாப்பிட்டாள். ஃபேன் சத்தம் போடாத இடம் அது, அதற்காகத்தான்.